நாலாவது கோமு எழுதிய அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வார்த்தையை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை. அன்பே இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

உங்கள் நண்பர் பேராசிரியர் மாமாதான் எழுதச் சொன்னார். உங்களுக்காக அவர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். அறிவியல் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றிக் கட்டுரை கொடுத்துவிட்டார்களாம். "நீ அப்பாவுக்கு ஒரு லெட்டர் மாதிரி எழுதிக் கொடும்மா. படிக்கவன் கண்ணு கலங்கிரணும்" என்றார். இதைப் படித்த பிறகு மலரில் போடுவாரா என்று தெரியவில்லை. போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு வலிப்பு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலிப்பு வராமலே ஒரு வருஷம், அப்பா. நம்ப முடிகிறதா?

நீங்கள் போன அடுத்த மாதம் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார். அவர் அம்மாவின் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எத்தன வருஷமா சாப்பிடுதீங்க?"

"கல்யாணம் ஆன புதுசுல இருந்து."

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"அப்போ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. அவரு எறந்து ரொம்ப நாளாச்சு. எங்க வீட்ல அவுக அதே மாத்திரைய வாங்கிட்டு வந்துருவாக."

அம்மாவின் தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். வேறு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். அவ்வளவுதான். அம்மா ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டே காத்திருந்தாள். வரவில்லை. பிறகு ஒருநாள் தென்காசி வீட்டில் தனியாக எண்ணெய்ச் சட்டி வைத்து வடை சுட்டிருக்கிறாள். போனில் என்னிடம் அதைச் சொல்லும்போது ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஒருவர் மூளையை எடுத்து இன்னொருவர் உடம்பில் வைப்பதைப் பற்றி ஒரு நாவலே எழுதியவர் நீங்கள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். தென்காசியில் காலை ரயில் ஏறினால் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் இரண்டு தடவை கேட்டேன். "மாத்திரை சாப்பிடுதாள்ல, அது போதும்" என்றீர்கள். அது போதாது என்று உங்களுக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்திருந்ததா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

உங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவின் பெயர் கோமதி. வாசுதேவநல்லூரில் விவசாயக் குடும்பம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. அதை மறைத்துத்தான் உங்களுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அது தப்புதான், நான் மறுக்கவில்லை. நீங்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அதையும் மறுக்கவில்லை. அதை நீங்களே எங்களுக்கு அடிக்கடி சொல்லிக் காட்டியதால் மறக்கவும் வழியில்லை. ஊருக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாக இருந்தீர்கள்.

பிறகு 'நாலாவது கோமு' எழுதினீர்கள்.

எதிர்காலக் குற்றாலம். மலை முழுக்க வழித்தெடுத்தாகிவிட்டது. டிக்கெட் வாங்கினால் ஸ்விட்சைப் போட்டு அருவியை விடுவார்கள். அங்கே ஓர் இன்ஜினியர் தன் வீட்டு வேலைக்குப் பெண் உருவத்தில் ஓர் இயந்திரம் வாங்குகிறார். ஏற்கெனவே மூன்று வாங்கி மூன்றும் பழுதாகி உடைக்கப் போட்டாயிற்று. இது நாலாவது. விற்றவர்கள் பழுதை மறைத்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த இயந்திரத்தின் பெயர் கோமு. அம்மாவை அவள் அப்பா கூப்பிட்ட பெயர். நீங்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

எல்லோரும் கொண்டாடுகிற அத்தியாயம் ஒன்று அதில் இருக்கிறது. சாம்பார்க் கரண்டியும் கையுமாகக் கோமு அடுப்படியில் விழுந்து துடிக்கும். முதலாளி வாசல்படியில் சாய்ந்துகொண்டு, எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதன் இடது கை விரல் தரையைத் தட்டும். "எவனோ தந்தி அடிக்கிறான்" என்பார். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது.

அந்த இடம் எனக்குத் தெரியும், அப்பா. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றிப் போடுகிறேன், நீங்கள் அடுப்படி வாசலில் நிற்கிறீர்கள். அம்மா தரையில் கிடக்கிறாள். நான் ஓடினேன். கையை நீட்டி என்னைத் தடுத்தீர்கள். "தொடாத. பாத்துக்கிட்டு இருக்கேன்லா" என்றீர்கள். அம்மாவின் தலை அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் பயத்தில் உறைந்துபோய் நிற்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். உங்களுக்காகக்கூட அன்றைக்கு அழுதேன். புத்தகம் வந்த பிறகுதான் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று புரிந்தது.

அந்த வருஷத்தின் சிறந்த அறிவியல் நாவல் என்று சென்னையில் விருது கொடுத்தார்கள். தமிழில் இப்படி ஓர் இயந்திரம் வந்ததே இல்லை, ரத்தமும் சதையுமாக இருக்கிறது என்று பேசினார்கள். மேடையில் உங்களுக்குப் பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். அவள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. கேட்டபோது, "உனக்கு அதெல்லாம் புரியாதுட்டி" என்று சொல்லியிருந்தீர்கள். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

ஊருக்கு அவள் வலிப்பு தெரியாது, பெயர் மட்டும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. கோயில் வாசலில், ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் "என்ன கோமு, சார்ஜ் போட்டாச்சா?" என்பார்கள். விளையாட்டுக்குத்தான். அம்மாவும் சிரிப்பாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் 'மிஷின் பிள்ள' என்று கூப்பிட்டார்கள். நான் வீட்டில் வந்து சொன்னபோது, "பாத்தியா, கதை எவ்வளவு தூரம் போயிருக்குன்னு" என்று சந்தோஷப்பட்டீர்கள். கொஞ்ச நாளில் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் எனக்கு அந்த நாவல் பாடமாக வந்தது. 'இயந்திரம் பழுதாகும் காட்சியில் வெளிப்படும் நகைச்சுவையை விளக்குக' என்று பரீட்சையில் கேள்வி. நான் அதைத் தொடாமல் வேறு கேள்வி எழுதிவிட்டு வந்து உங்களுக்குப் போன் செய்தேன். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "ஏட்டி, அது உனக்கு ஈஸியா இருந்திருக்குமே."

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் முதல் நினைவு நாள் சாரல் காலத்தில் வந்தது. உங்கள் பெயரில் அறிவியல் புனைகதைக்கு ஒரு விருது ஏற்படுத்தி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் விழா வைத்தார்கள். வெளியே அருவிக்குப் போகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெயோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஹாலுக்குள் நல்ல கூட்டம். முதல் விருது செங்கோட்டைப் பையன் ஒருவனுக்கு. சந்திரனில் ஏலத்தோட்டம் போடுகிற கதை எழுதியிருக்கிறான். அம்மா கையால் கொடுக்க வேண்டும் என்று கூட்டிப் போயிருந்தார்கள். அம்மா காலில் விழுந்துவிட்டு, "சாரோட கோமு இல்லன்னா நான் எழுதவே வந்திருக்க மாட்டேன்" என்றான். நல்ல பையன். மனதாரத்தான் சொன்னான்.

அதற்கு முன்னால் ஒரு நாடகம். கல்லூரி மாணவர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் நடித்தார்கள். ஒல்லியான ஒரு பையன் நைட்டி போட்டு, முகத்தில் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு, கரண்டியோடு மேடையில் விழுந்து துடித்தான். ஹாலே சிரித்தது. முன்வரிசையில் அம்மா. நான் அவள் கையைப் பிடித்தேன். "எந்திரிச்சுப் போயிருவோமாம்மா?" என்று கேட்டேன். "இரு, முடியட்டும்" என்றாள். வலிப்பு வரும்போது தன் உடம்பு எப்படித் துடிக்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள், அப்பா. நூறு பேர் சிரிப்புக்கு நடுவில் பார்க்கிறாள்.

விருது கொடுத்து முடித்ததும் மாமா மைக்கை நீட்டி, "மதினி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அந்தப் பையன் நல்லா நடிச்சான்" என்றாள் அம்மா. "ஆனா கண்ண மூடிக்கிட்டான். கண்ணு மூடாதுன்னு சொல்லுவாங்க. மேல சொருவிக்கிடுமாம். எனக்குச் சின்னப் பிள்ளைல இருந்தே வலிப்பு உண்டு. அவுக என்னயப் பாத்துத்தான் எழுதுனாக. அது மிஷின் இல்ல. நான்தான்."

வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருந்ததை மைக்கில் சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். யாராவது தலையைக் குனிவார்கள், ஒருவராவது மன்னிப்புக் கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "நண்பர்களே, இதுதான் கலை. தன் வீட்டுத் துயரத்தையே ஒரு மனுஷன் இலக்கியமா மாத்தியிருக்கான். இவ்வளவு காலம் நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். எழுந்து நின்று தட்டினார்கள். உங்களுக்காகத் தட்டினார்கள், அப்பா. அம்மா மேடையில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். வேறு என்ன செய்ய என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அம்மாவோடு போட்டோ எடுக்க வரிசை நின்றது. பரிமாறுகிறவரிடமிருந்து ஒரு மாணவன் கரண்டியை வாங்கி வந்து, "ஆச்சி, இதக் கொஞ்சம் கையில பிடிங்க" என்றான். அம்மா பிடித்தாள். சாம்பார் ஒழுகி அவள் பட்டுச் சேலையில் விழுந்தது. நான் பிடுங்கப் போனேன். "விடு பிள்ள, சின்னப் பயலுக" என்றாள். அந்தப் போட்டோ அன்று சாயங்காலமே எல்லோர் போனிலும் சுற்றியது. 'உண்மையான கோமு' என்று எழுதியிருந்தார்கள்.

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் வியாபாரம் செய்கிறவளாம். அம்மாவைவிட வயது குறைவு. சுற்றிலும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"எம் மவ இந்த நாடகம் போட்ட காலேஜ்லதாம்மா படிச்சா. அவளுக்கும் இது உண்டு. ஒருநா கிளாஸ்ல விழுந்துட்டா. அன்னைல இருந்து அவ பேரு கோமுதான். போர்டுல எழுதிப் போடுதாங்களாம். பெஞ்சுல கரண்டியக் கொண்டாந்து வைக்காங்களாம். இப்ப போவ மாட்டேங்கா. வீட்டுக்குள்ளயே கெடக்கா."

அம்மா குழாயை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புஸ்தகத்த எழுதுனவரு வீட்டு ஆளுக வாராங்கன்னு சொன்னாங்க. நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு வார்த்த கேட்டுரணும்னுதான் மெனக்கெட்டு வந்தேன்" என்றாள் அந்தப் பெண். "இப்ப உங்கள என்னன்னு கேக்க?"

அம்மா அவள் தோளில் கையை வைத்தாள். "பிள்ள பேரு என்ன?" என்று கேட்டாள்.

"முத்துச்செல்வி."

அடுத்த வாரமே முத்துச்செல்வியை அதே டாக்டரிடம் நான் கூட்டிப்போனேன். மாத்திரை வேலை செய்கிறது. வலிப்பு நின்றுவிட்டது. பெயர் நிற்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பிப் போ என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். தலையை ஆட்டுகிறாளே தவிர, வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். உங்களை அவள் பார்த்ததுகூடக் கிடையாது.

குற்றாலத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. நேராக உங்கள் அலமாரிக்குப் போய், தினமும் தூசி தட்டுகிற அந்தப் புத்தகத்தை எடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சமையல் வேலைக்கு நடுவில், துணி மடிப்பதற்கு நடுவில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே இருந்தேன். அவள் அழவே இல்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "என்னம்மா நல்லா?"

"கடைசியில அந்த மிஷின உடைக்கக் கொண்டு போடுதான்லா, அங்க வச்சு அதோட கையப் பிடிச்சிக்கிட்டு அழுதானே, அந்த எடம். படிக்கும்போது எனக்கே பாவமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த அழுத மனுஷன் யாரு பிள்ள? அப்படி ஒரு ஆள நம்ம வீட்ல நான் பாக்கலியே."

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? கரண்டிக்கும் கம்பிக்கும் இரங்கி அத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, தரையில் கிடந்தவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரியவில்லையா? இரக்கமே இல்லாதவர் என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இருந்தது. எல்லாவற்றையும் கதைக்கே செலவழித்துவிட்டீர்கள்.

ஆடி முடிவதற்குள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. புதுப் பதிப்பு போடப்போகிறார்களாம். அம்மா கரண்டியோடு நிற்கிற போட்டோதான் அட்டைப்படம். இங்கிலீஷிலும் வரப்போகிறது, வெளிநாட்டு விருதுக்கு அனுப்பலாம் என்றார்கள். நீங்கள் காலமெல்லாம் ஆசைப்பட்டது அதுதானே. இப்போது உரிமை அம்மா பெயரில் இருக்கிறது. அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அம்மா முடியாது என்றுவிட்டாள். புதுப் பதிப்பும் வேண்டாம், பழைய பதிப்பும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம் என்றாள்.

மறுநாளே மாமா வந்துவிட்டார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"மதினி, கோபத்துல முடிவு பண்ணக் கூடாது. அது அவரு மட்டும் சம்பந்தப்பட்டது இல்ல, தமிழுக்கே சொத்து."

"கோபம் இல்ல அண்ணாச்சி."

"பெறகு என்ன? புஸ்தகம் கடையில இல்லன்னா பாடத்துல இருந்து எடுத்துருவாங்க. வாரப் பிள்ளைகளுக்கு அவரு யாருன்னே தெரியாமப் போயிரும்."

"போவட்டும்."

"இவ்வளவு பெரிய எழுத்தாளன இப்படிக் குழி தோண்டிப் புதைக்கலாமா? நீங்க யோசிங்க. அவரு உங்களத் திருப்பி அனுப்பாம வச்சு வாழ்ந்த மனுஷன்."

அதை நீங்கள் அவரிடமும் சொல்லியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று எங்கள் வாயை அடைத்துவிட்டு, உங்கள் பெருமையை மட்டும் நண்பர் காதில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மேடையில் கண் கலங்கி, இவ்வளவு காலம் தெரியாமல் போச்சே என்ற மனுஷர், எல்லாம் தெரிந்தேதான் அந்தப் பையனுக்கு வெள்ளிப் பெயின்ட் பூச விட்டிருக்கிறார்.

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காப்பி ஆறுது அண்ணாச்சி, குடிங்க" என்றாள். அவர் குடித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர் எழுந்து போகிறவரை வெளியே வரவில்லை. போகும்போது வாசலில் வைத்துத்தான் அவர் என்னிடம் இந்தக் கடிதத்தைக் கேட்டார்.

எழுதிவிட்டேன். கண் கலங்குகிறவர்கள் கலங்கட்டும்.

நீங்கள் நல்ல எழுத்தாளர், அப்பா. அதைச் சொல்லாவிட்டால் இது பொய்க் கடிதம். நான் அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன். அப்படிப்பட்ட புத்தகத்தைத்தான் நாங்கள் நிறுத்துகிறோம். சுமாரான புத்தகமாக இருந்திருந்தால் அது தானாகவே செத்திருக்கும், எங்களுக்கு வேலை மிச்சம்.

அம்மாவுக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு வரும். நீங்கள் இறந்து அறுபது வருஷம் வரைக்கும் எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் அச்சடிக்க முடியாது என்று வக்கீல் சொன்னார். யார் வந்து கேட்டாலும், என்ன விருது என்று சொன்னாலும், நான் இல்லை என்றுதான் சொல்வேன். எனக்குப் பிறகு சொல்ல என் மகளையும் பழக்கிவிடுவேன். எதிர்காலத்தைப் பற்றியே எழுதினீர்கள். அந்த எதிர்காலத்தில் உங்கள் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு நான் பொறுப்பு. இது சத்தியம்.

இப்படிக்கு,
கோமதியின் மகள்